இளவேனில் வலசையும் ஒளிப்படச் சான்றும்: கோடியக்கரைக் கரையோரப் பறவைகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழகக் கடற்கரையில் குளிர்காலத்தைக் கழிக்கும் கரையோரப் பறவைகள் மார்ச் முதல் மே வரையிலான காலத்தில் வடக்கு நோக்கித் திரும்புகின்றன. அவற்றின் வருகை பரவலாகப் பதிவு செய்யப்படுகிறது; புறப்பாடு அவ்வாறு பதிவு செய்யப்படுவதில்லை. பறவையின் இறகு நிறம், உடற்கொழுப்பு, அகவை ஆகியவற்றை அறிவதற்கு ஏற்ற காலம் இப்புறப்பாட்டுக் காலமே. அக்காலத்தில் எடுக்கப்படும் ஒளிப்படம் எவற்றுக்குச் சான்றாகும், எவற்றுக்குச் சான்றாகாது என்பதைக் கோடியக்கரையைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வலசை, இளவேனில், கோடியக்கரை, உள்ளான், இறகு மாற்றம், ஒளிப்படச் சான்று, முழுப் பட்டியல்.

முன்னுரை

ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் 'பறவைகள் வரத் தொடங்கின' என்னும் செய்தி நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறுகிறது. பங்குனியிலோ சித்திரையிலோ 'பறவைகள் புறப்பட்டன' என்னும் செய்தியைக் காண்பது அரிது. இது நாளிதழ்களின் குறை மட்டுமன்று. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் சனவரி மாதத்தில் நடைபெற்று வருகிறது. தமிழகத்தில் 2015 முதல் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் அதே மாதத்தில்தான் அமைகிறது. குளிர்காலத்தின் நடுவில் பறவைகள் ஓரிடத்தில் நிலைகொண்டிருக்கும் என்பதால் எண்ணிக்கைக்கு அக்காலம் பொருத்தமானது. ஆயினும், நம் தரவுகளின் பெரும்பகுதி வருகையையும் தங்கலையும் மட்டுமே பேசும் நிலை இதனால் உருவாகியுள்ளது. திரும்பிச் செல்லுதல் என்னும் மறுபாதி போதிய கவனம் பெறவில்லை.

காலப்பெயர் பற்றி ஒரு குறிப்பு இங்குத் தேவை. வட அரைக்கோளத்து அறிவியல் நூல்கள் இளவேனில் வலசை என்று கூறுவது பொதுவாக மார்ச் முதல் மே வரையிலான காலத்தை. தமிழ் மரபில் இளவேனில் சித்திரையும் வைகாசியும் ஆகும். எனவே நம் கடற்கரையைப் பொறுத்தவரை இவ்வலசை பின்பனியின் இறுதியில் தொடங்கி இளவேனிலின் நடுவில் முடிகிறது. பறவை இங்கிருந்து புறப்படும்போது நமக்குக் கோடை தொடங்கிவிடுகிறது. அது சென்று சேரும் நிலத்தில் பனி இன்னும் உருகியிருக்காது.

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில், வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனையில் கோடியக்கரை அமைந்துள்ளது. அங்குள்ள காடு 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சேற்றுநிலங்களையும் உப்பளங்களையும் உள்ளடக்கிய இப்பகுதி 2002இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. மத்திய ஆசியப் பறவை வழித்தடம் ஆர்க்டிக் பெருங்கடலில் தொடங்கி 30 நாடுகளைத் தழுவி இந்தியப் பெருங்கடல் வரை நீள்கிறது. அத்தடத்தின் தென்முனைத் தங்கிடங்களுள் கோடியக்கரை குறிப்பிடத்தக்கது.

இவ்விடம் வலசை ஆய்வுக் களமானதற்கு ஒரு நோய் மறைமுகக் காரணமாக இருந்தது. 1957இல் கருநாடகத்தின் கியாசனூர் காட்டுப் பகுதியில் உண்ணிகளால் பரவும் புதிய காய்ச்சல் கண்டறியப்பட்டது. அதன் நச்சுயிரி சைபீரியப் பகுதியின் நச்சுயிரி ஒன்றை ஒத்திருந்ததால், வலசைப் பறவைகள் அதனைக் கொண்டு வந்திருக்கலாமோ என்ற ஐயம் எழுந்தது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் நிதியுதவியுடன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959இல் வலசை ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. சாலிம் அலி அதனை வழிநடத்தினார். பறவைகளின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டி விடுவிக்கும் பணி கோடியக்கரையிலும் பெருமளவில் நடைபெற்றது. இங்கு வளையமிடப்பட்ட பறவைகள் வடக்கே சைபீரியப் பகுதிகளில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. ஒரு பறவை எங்கு நின்றது, எங்குச் சென்றது என்பதற்கு அன்று வளையமே சான்று. இன்று அச்சான்றின் ஒரு பகுதியை ஒளிப்படம் ஏற்கிறது.

இலக்கியத்தில் வடதிசைச் செலவு

தமிழ் இலக்கிய மரபு இவ்வகையில் நம் கணக்கெடுப்புகளினின்று வேறுபடுகிறது. வலசைப் பறவையை விளிக்கும் புகழ்பெற்ற இரு பாடல்களும் வருகையைப் பேசவில்லை. வடக்கு நோக்கிய செலவையே பேசுகின்றன. புறநானூற்றின் 67ஆம் பாடலில் பிசிராந்தையார் அன்னச் சேவலை விளிக்கிறார். குமரித் துறையில் அயிரை மீனை உண்டு வடமலை நோக்கிப் பெயரும் அப்பறவை, இடையில் உறையூரில் தங்கிக் கோப்பெருஞ்சோழனைக் காண வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். சத்திமுத்தப் புலவரின் தனிப்பாடல், குமரியில் நீராடி வடக்கே செல்லும் நாரை இணையிடம் தம் மனைவிக்குரிய செய்தியைச் சொல்லி அனுப்புகிறது.

இரு பாடல்களும் தூது என்னும் மரபில் வைத்துப் பெரிதும் ஆராயப்பட்டுள்ளன. பறவையியல் நோக்கில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, புறப்பாட்டுக்கு முன் உண்ணுதல் என்னும் குறிப்பு புறப்பாடலில் உள்ளது. இது பற்றி அடுத்த பகுதியில் காண்போம். இரண்டாவது, சத்திமுத்தப் புலவர் நாரையின் கால் நிறத்தையும் அலகின் நிறத்தையும் வடிவத்தையும் தனித்தனியே குறித்துள்ளார். அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமையாக்குகிறார். சிவந்த காலும் சிவந்த கூரிய அலகும் ஒருங்கே அமைந்து, குளிர்காலத்தில் தென்னிந்தியா வரை வந்து திரும்பும் பறவை வெண்ணாரை ஆகும். இங்கேயே இனப்பெருக்கம் செய்யும் மஞ்சள்மூக்கு நாரைக்கு அவ்வருணனை பொருந்தாது. கள வழிகாட்டி நூலொன்று செய்ய வேண்டிய வேலையை அப்பாடல் செய்துவிடுகிறது.

அன்னத்தைப் பொறுத்தவரை அத்தகைய துணிவு இயலாது. கூந்தன்குளம் முதலிய இடங்களுக்கு வந்து இமயம் கடந்து திரும்பும் வரித்தலை வாத்தே அன்னம் என்பார் உளர். இவ்வாத்து புல்லையும் தானியத்தையும் மேய்வது. அயிரையை உண்பது அதன் இயல்பன்று. வடமலை என்னும் ஒரு சொல்லைக் கொண்டு இனத்தை முடிவு செய்வது பொருத்தமாகத் தோன்றவில்லை. ஒளிப்படம் இல்லாத காலத்துப் பதிவைப் படிக்கும்போது எந்த அடையாளம் இனத்தைத் தனித்துக் காட்டுகிறது என்று கேட்கிறோம். ஒளிப்படத்திடமும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டியுள்ளது.

புறப்பாட்டுக்கு முன் உடல்

கோடியக்கரையின் உப்பளங்களிலும் சேற்றுப் பரப்பிலும் பெருங்கூட்டமாகக் காணப்படுவனவற்றுள் கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் முதன்மையானவை. வளைமூக்கு உள்ளானை ஆங்கிலவழிப் பெயரால் கர்லூ சாண்ட்பைப்பர் என்றும் நம் பறவை ஆர்வலர்கள் அழைப்பர். குளிர்காலத்தில் இதன் எடை 50 முதல் 60 கிராம் வரை இருக்கும். இது முட்டையிடுவது ஆர்க்டிக் சைபீரியாவின் தூந்திர நிலத்தில். கோடியக்கரையிலிருந்து தைமீர் தீவக்குறைக்கு நேர்க்கோட்டில் கணக்கிட்டாலும் தொலைவு 7000 கிலோமீட்டருக்கு மேல். சூன் மாதத் தொடக்கத்தில், பனி உருகும் காலத்தில் அங்குச் சேர வேண்டும். பிந்தினால் குறுகிய கோடைக்குள் குஞ்சு பொரித்து வளர்த்தல் இயலாது.

இப்பயணத்துக்கான எரிபொருள் கொழுப்பு. மாவுப்பொருள் தரும் ஆற்றலைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்ட ஆற்றலை அதே எடையுள்ள கொழுப்பு தரும். எனவே புறப்பாட்டுக்கு முந்தைய வாரங்களில் கரையோரப் பறவைகள் இடைவிடாது இரை தேடுகின்றன. சில இனங்களில் உடல் எடை ஏறத்தாழ இருமடங்காகிறது. நீண்ட கடற்பறப்பு மேற்கொள்ளும் பட்டைவால் மூக்கனில் குடல், இரைப்பை முதலிய செரிமான உறுப்புகள் புறப்பாட்டையொட்டிச் சுருங்குவதும் அறியப்பட்டுள்ளது. பறக்கும்போது பயன்படாத உறுப்பின் சுமையை உடல் குறைத்துக்கொள்கிறது.

புறப்படும் நேரத்தைப் பறவை எவ்வாறு அறிகிறது? உயர் அகலாங்குகளில் பகற்பொழுது நீள்வதே முதன்மையான தூண்டல். கோடியக்கரை அமைந்திருப்பது வட அகலாங்கு 10 பாகையில். இங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மணி நேரத்தைச் சற்றே விஞ்சும். இச்சிறு மாற்றத்தோடு, உடலினுள் இயங்கும் ஆண்டுச் சுழற்சி ஒன்றும் வழிகாட்டுகிறது. புறச்சூழல் மாறாத கூண்டில் வளர்க்கப்பட்ட வலசைப் பறவைகளும் உரிய பருவத்தில் கொழுப்பேற்றி, இரவில் அமைதியின்றித் துடித்தமை இதற்குச் சான்றாகும்.

இவை யாவும் பிடித்து எடையிட்டு அறியப்பட்டவை. பிடிக்காமலும் ஓரளவு அறிய இயலும். கொழுப்பு வயிற்றின் அடிப்பகுதியில் திரளுவதால், கால்களுக்குப் பின்னிருந்து வாலடி வரை செல்லும் கோடு எடை கூடக்கூடக் கீழ்நோக்கிப் புடைக்கும். அப்புடைப்பைப் படிநிலைகளாகப் பிரித்து எண் வழங்கும் முறை வாத்துகளிலும் கரையோரப் பறவைகளிலும் கையாளப்பட்டு வருகிறது. இதற்குத் தேவையானது பறவை பக்கவாட்டில், அசையாது, உடல் விரைப்பின்றி நிற்கும் ஒரு படம். நம் ஒளிப்படக் கலைஞர்களிடம் அத்தகைய படங்கள் ஏராளமாக இருக்கும்; 'அசைவில்லை, அழகில்லை' என்று கருதி அவர்கள் அழித்துவிடுவதும் அவற்றைத்தான். மார்ச் முதல் வாரத்திலும் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஒரே உப்பளத்தில் எடுத்த இருபது பக்கவாட்டுப் படங்களை அருகருகே வைத்தால், அவ்வாண்டில் அவ்விடம் பறவைகளுக்குப் போதிய இரையைத் தந்ததா என்ற கேள்விக்கு ஒரு தொடக்க விடை கிடைக்கும். சனவரிக் கணக்கெடுப்பின் எந்த எண்ணும் அவ்விடையைத் தராது.

இறகு நிறமும் இன அடையாளமும்

குளிர்காலத்தில் கரையோரப் பறவைகளை வேறுபடுத்தி அறிதல் கடினம். பெரும்பாலானவை சாம்பலும் வெள்ளையுமாய் இருக்கும். மார்ச் முதல் உடலிறகுகள் உதிர்ந்து புதிய இறகுகள் முளைக்கின்றன. சாம்பல் நிற வளைமூக்கு உள்ளானின் மார்பில் முதலில் செங்கல் நிறப் புள்ளிகள் தோன்றும். ஏப்ரல் இறுதியில் முகமும் மார்பும் வயிறும் முழுச் செங்கல் நிறமாகிவிடும். சாம்பல் உப்புக்கொத்தியின் முகமும் வயிறும் கருமையாகும். ஆண் பறவைகளில் இந்நிறம் அடர்த்தி மிகுந்தது. குளிர்காலத்தில் மட்டும் கோடியக்கரைக்குச் செல்பவர் இப்பறவைகளின் ஒரு முகத்தை மட்டுமே காண்கிறார்.

இறகு மாற்றத்தின் பயன் அழகியலோடு முடிவதில்லை என்பதற்கு இரு எடுத்துக்காட்டுகள் போதும். கடற்கரையில் மிகுதியாகக் காணப்படும் சிறு உப்புக்கொத்தி ஒன்று நீண்ட காலம் ஒரே இனமாகக் கொள்ளப்பட்டது. அண்மைக்கால வகைப்பாடு அதனைத் திபெத்திய மணல் உப்புக்கொத்தி, சைபீரிய மணல் உப்புக்கொத்தி என இரண்டாகப் பிரித்துள்ளது. ஒன்று நடு ஆசிய மேட்டு நிலங்களிலும் மற்றொன்று சைபீரியாவின் வடகிழக்குப் பகுதிகளிலும் இனப்பெருக்கம் செய்பவை. குளிர்கால இறகில் இரண்டையும் பிரித்தறிவது மிகக் கடினம். இனப்பெருக்க இறகு பெற்ற ஆணில் நெற்றி முழுதும் கருமையாயின் முன்னது; கருமையின் நடுவே வெண்திட்டு தெளிவாக இருப்பின் பின்னது. நம் கடற்கரைக்கு வருவது பெரும்பாலும் திபெத்திய இனமே எனினும், மற்றதும் வருகிறதா என்பதை உறுதிசெய்ய ஏப்ரல் மாதத்தில் எடுத்த நெற்றிப் படமே வேண்டும்.

இரண்டாவது மஞ்சள் வாலாட்டி. அறுவடை முடிந்த காவிரிப் படுகை வயல்களில் இதனைக் குளிர்காலம் முழுதும் காணலாம். ஐரோப்பா முதல் ஆசியா வரை பரந்துள்ள இதன் கிளையினங்கள் ஆணின் தலை நிறத்தால் வேறுபடுவன: கருந்தலை, அடர்சாம்பல் தலை, வெண்புருவத்துடன் கூடிய வெளிர்சாம்பல் தலை, மஞ்சள் தலை. குளிர்காலத்தில் இவ்வேறுபாடு மங்கியிருக்கும். மார்ச், ஏப்ரலில் தலை நிறம் தெளியும்போது ஒரே வயலில் மேய்ந்த பறவைகள் வெவ்வேறு நாடுகளுக்குப் பிரிந்து செல்வன என்பது தெரியவரும். அந்நிறம் தெளிந்த சில நாட்களிலேயே அவை புறப்பட்டுவிடுகின்றன. ஆய்வாளருக்கு வாய்க்கும் காலம் ஆண்டில் இரண்டு மூன்று வாரமே.

சான்றாகும் படம்

ஒளிப்படம் கண்ணால் கண்டதை அப்படியே காட்டும் என்னும் நம்பிக்கை பொதுவானது. களத்தில் அந்நம்பிக்கை விரைவில் தளர்கிறது. ஏப்ரலில் உப்பளத்தின் மேல் காலை ஒன்பது மணிக்கெல்லாம் கானல் அலையத் தொடங்கும். நீண்ட குவியத் தொலைவுடைய லென்சு அக்கானலையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. இறகின் விளிம்பு கலங்கிவிடும். கால்கொடியின் எழுத்தைப் படிக்க இயலாது. விலையுயர்ந்த கருவியும் இதற்கு மாற்றாகாது. விடியலுக்கும் எட்டரை மணிக்கும் இடைப்பட்ட நேரம் ஒன்றே வழி.

அந்நேரத்து ஒளிக்கும் ஒரு சிக்கல் உண்டு. பொன்னிற இளவெயில் சாம்பல் மார்பையும் செம்மை படர்ந்ததாகக் காட்டும். படத்தைப் பின்னர் கணினியில் நிறமேற்றினால் இறகு மாற்றத்தின் படிநிலையைக் கணிப்பது வீண்முயற்சியாகும். ஆகவே ரா கோப்பை மாற்றமின்றிப் பாதுகாத்து, காட்சிக்குரிய படத்தைத் தனியே உருவாக்குதல் நன்று. அருகில் ஒரு வெண்கொக்கோ உப்புக் குவியலோ சட்டகத்துள் இருப்பின், நிறத்தைச் சரிபார்க்க அது உதவும். கோடியக்கரையில் உப்புக் குவியலுக்குப் பஞ்சமில்லை.

ஒரே பறவையைப் பல நிலைகளில் எடுத்தல் மூன்றாவது தேவை. நிற்கும்போது காணப்படாத அடையாளங்கள் பறக்கும்போது வெளிப்படுகின்றன. சாம்பல் உப்புக்கொத்தியைப் பொன்னிற உப்புக்கொத்தியிலிருந்து ஐயமறப் பிரிப்பது சிறகின் அடியில், அக்குள் பகுதியிலுள்ள கருந்திட்டு. வளைமூக்கு உள்ளானின் வாலடி மேற்புறத்து வெண்மையும் அத்தகையது. நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்னும் அளவில் ஷட்டர் வேகத்தை வைத்துக்கொண்டு, பறவை தானே எழும் தருணத்துக்காகக் காத்திருப்பவருக்கு இவ்வடையாளம் கிடைக்கும். பறவையை விரட்டிப் பறக்கச் செய்து எடுப்பது வேறு. அது பற்றிப் பின்னர்.

வளையமும் கொடியும் அணிந்த பறவை கிடைத்தால் படத்தின் மதிப்பு பன்மடங்காகும். எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, எந்த நிறம், எந்த எழுத்து என்னும் நான்கும் தெரிந்தால்தான் அத்தனிப் பறவையை அடையாளம் காண முடியும். படத்தின் அமைப்பு அழகாக வேண்டும் என்று இடவலமாகப் புரட்டிவிடும் வழக்கம் சிலரிடம் உள்ளது. அவ்வாறு புரட்டிய படத்தில் வலக்கால் இடக்காலாகிவிடும். அப்பறவை வேறொரு நாட்டில் வேறொருவர் வளையமிட்ட பறவையாக மாறிவிடும். கருவியின் கடிகாரமும் கவனிக்கத்தக்கது. மின்கலம் மாற்றும்போது நாள் பிறழ்ந்து, ஏப்ரல் படம் சனவரிப் படமாகப் பதிந்த நிகழ்வு கட்டுரையாளரின் கோப்பிலேயே உண்டு. அப்படத்தில் பறவையின் மார்பு செந்நிறமாக இருந்ததே பிழையைக் காட்டிக்கொடுத்தது. நிறம் மாறாத இனமாக இருந்திருந்தால் பிழை தெரியாமலே போயிருக்கும்.

இடையூறு

கொழுப்பு ஏற்றும் பறவைக்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் சேரும். ஒரு கூட்டத்தை ஒருமுறை எழுப்பினால் இரண்டு இழப்புகள்: பறத்தலுக்குச் செலவாகும் ஆற்றல், பறந்து அமர்ந்து அமைதியடையும் வரை இரையெடுக்காத நேரம். குளிர்காலத்தின் நடுவில் இவ்விழப்பை ஈடுசெய்யக் காலம் இருக்கிறது. ஏப்ரலில் அது இல்லை. நிறம் ஏறிய பறவைக்காகவே அம்மாதத்தில் ஒளிப்படக் கலைஞர்கள் கூடுகின்றனர் என்பதால், பறவைக்கு அமைதி மிகவும் தேவைப்படும் வாரமும் நமக்குப் படம் மிகவும் தேவைப்படும் வாரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. இம்முரணை முழுதாகத் தீர்க்கும் வழி எதுவும் இல்லை; குறைக்கும் வழிகள் உண்டு. பறவை இரையெடுப்பதை நிறுத்தித் தலையை நிமிர்த்தினால் நாம் ஏற்கெனவே அளவுமீறி நெருங்கிவிட்டோம் என்று பொருள். நடந்து அணுகுவதை விட, வரப்போரத்தில் முன்னதாகவே அமர்ந்து பறவை நம்மை நோக்கி மேய்ந்து வரும்படி விடுதல் நல்லது. பேரலைக் காலத்தில் சேற்றுப் பரப்பு மூழ்கும்போது பறவைகள் ஒதுங்கி ஓய்வெடுக்கும் திட்டுகளை நெருங்காதிருத்தல் இன்றியமையாதது.

அதே உப்பளத்தில் அதே வாரங்களில் இன்னொரு வாழ்க்கையும் நடைபெறுகிறது. நெடுங்கால் உள்ளான், ஆட்காட்டி, சிற்றாலா முதலிய உள்ளூர்ப் பறவைகள் கோடையில் வெறுந்தரையில் முட்டையிடுகின்றன. தாழ்ந்த கோணத்தில் எடுக்க வேண்டுமென்று வரப்பில் குப்புறப் படுப்பவரின் கண்ணுக்கு மண்ணின் நிறத்திலுள்ள முட்டை தெரிவதில்லை. தாய்ப்பறவை எழுந்து அகன்றால் சில நிமிட வெயிலே கருவைக் கொல்லப் போதுமானது. ஆட்காட்டி தலைக்கு மேல் சுற்றிக் கத்தினால் அவ்விடத்தை விட்டு விலகுவதே ஆய்வாளருக்கும் அழகு.

இச்செய்தியின் கனம் அண்மையில் கூடியுள்ளது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024இல் வெளியிட்ட செம்பட்டியலில் வளைமூக்கு உள்ளானும் சாம்பல் உப்புக்கொத்தியும் அழிவாய்ப்புள்ள இனங்கள் என்னும் நிலைக்கு நகர்த்தப்பட்டன. நேற்றுவரை மிகச் சாதாரணமாகக் கருதிக் கடந்துசென்ற பறவைகள் இவை.

இன்மையைப் பதிவு செய்தல்

வருகைக்கும் புறப்பாட்டுக்கும் சான்று வகையில் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ஒரு பறவை ஓரிடத்துக்கு வந்துவிட்டது என்பதை ஒரே ஒரு படம் மெய்ப்பித்துவிடும். அது சென்றுவிட்டது என்பதை எந்தப் படமும் மெய்ப்பிக்காது. இல்லாத பறவையைப் படமெடுக்க இயலாது. கடைசிப் படத்தின் நாளையே புறப்பட்ட நாளாகக் கொள்ளும் வழக்கம் இதனால் பிழையாகிறது; அந்நாள் ஒளிப்படக் கலைஞர் கடைசியாகச் சென்ற நாளாகவும் இருக்கலாம்.

இப்பிழையைக் கட்டுரையாளர் தாமே செய்ததுண்டு. தம் கோப்புகளை ஆண்டுவாரியாக அடுக்கியபோது, உள்ளான்கள் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் இறுதியில் திடீரெனக் காணாமற் போவதாகத் தெரிந்தது. இக்கண்டுபிடிப்பால் எழுந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மார்ச் இறுதிக்குப் பின் கல்லூரித் தேர்வுப் பணி, அதன்பின் வெயில். காணாமற் போனவர் பார்வையாளரே. பின்னொரு ஆண்டில் மே முதல் வாரம் வரை வாரந்தோறும் சென்றபோது, முழுச் செங்கல் நிறம் பெற்ற வளைமூக்கு உள்ளான்கள் அதே உப்பளத்தில் மேய்ந்துகொண்டிருந்தன.

இதற்கு மாற்று, படத்தோடு முழுப் பட்டியலையும் இணைப்பதாகும். 2002இல் தொடங்கப்பட்ட இ-பேர்டு தளம் வலியுறுத்தும் முழுப் பட்டியல் முறையில், பார்வையாளர் தாம் அடையாளம் கண்ட எல்லா இனங்களையும், செலவிட்ட நேரத்தையும், நடந்த தொலைவையும் பதிகிறார். எழுதப்படாத இனம் அன்று தென்படவில்லை என்று அப்போதுதான் கொள்ள முடியும். ஏப்ரல் 20, 27, மே 4, 11 என ஒரே இடத்தில் ஒரே கால அளவில் எடுத்த நான்கு பட்டியல்களில் எண்ணிக்கை நானூறு, நூற்றைம்பது, பன்னிரண்டு, இல்லை எனக் குறைந்து வந்ததாகக் கொள்வோம். அங்கே 'இல்லை' என்னும் சொல் ஒரு தரவு. அழகிய பறவை கிடைக்காத நாளில் பட்டியலிடாமல் திரும்பிவிடும் பழக்கமே நம் புறப்பாட்டுத் தரவுகளின் பெரும் ஓட்டை.

இன்னொரு சிக்கலும் எஞ்சுகிறது. எல்லாப் பறவைகளும் புறப்படுவதில்லை. கரையோரப் பறவைகள் பலவற்றின் முதலாண்டு இளம்பறவைகள் வடக்கே செல்லாமல் கோடை முழுதும் இங்கேயே தங்கிவிடுகின்றன. அவை இனப்பெருக்கத்துக்கு முதிராதவை. நெடும்பயணத்தின் இடர்ப்பாட்டை ஓராண்டு தள்ளிப்போடுகின்றன. சூன் மாதத்தில் உப்பளத்தில் நிற்கும் உள்ளானைக் கண்டு 'பருவநிலை பிறழ்ந்ததால் பறவைகள் திரும்பவில்லை' என்று செய்தி எழுதப்படுவதுண்டு. அம்முடிவுக்கு முன் பறவையின் அகவையை அறிய வேண்டும். இளம்பறவை பெரும்பாலும் சாம்பல் நிறத்திலேயே இருக்கும். அதன் பழைய சிறகுகளின் நுனி தேய்ந்து வெளிறியிருக்கும். இதற்கு மாறாக, முட்டையிட்டு முடித்த முதிர்பறவைகள் சூலை இறுதியிலேயே திரும்பி வரத் தொடங்குகின்றன. வளைமூக்கு உள்ளானில் ஆண், அடைகாத்தலிலும் குஞ்சு வளர்ப்பிலும் பங்கேற்பதில்லை; எனவே முதலில் தெற்கு நோக்கிப் புறப்படுவது அதுவே. அவற்றின் மார்பில் செந்நிறத் திட்டுகள் இன்னும் எஞ்சியிருக்கும்.

ஆகத்து முதல் வாரத்தில் ஒரே சேற்றுத் திட்டில் சாம்பல் மார்புடைய ஒன்றும் செந்திட்டு மார்புடைய ஒன்றும் அருகருகே மேய்வதைக் காணலாம். முன்னது ஓராண்டாக இக்கரையை விட்டு அகலாதது. பின்னது தூந்திரம் சென்று திரும்பியது. பட்டியலில் இரண்டும் 'வளைமூக்கு உள்ளான் - 2' என்றே பதிவாகும். மார்பு தெரியும்படி எடுத்து, நாளும் இடமும் பிறழாமல் சேர்த்துவைத்த படம் மட்டுமே அவ்விரண்டையும் தனித்தனிப் பறவைகளாகக் காட்டும்.